‘கேப்’ எத்தனை வருஷம்?

நவுக்ரி வேலைத் தளத்தில் ரெஸ்யூமேயைப் புதுப்பித்த ஒன்றிரண்டு நாளில் போன் வந்துவிடும். ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியிலிருந்து ஓர் இளங்குரல், மனப்பாட வேகத்தில் கேட்கும். “ஜாவால எத்தனை வருஷம் மேம்? நோட்டீஸ் பீரியட் எவ்ளோ? கரன்ட் கம்பெனி எது?” கடைசிக் கேள்விக்கு, இப்போது எங்கும் இல்லை என்று பதில் சொன்னதும் மறுமுனை கொஞ்சம் தயங்கும். “ஓ... அப்போ கேப் எத்தனை வருஷம்?” ஐந்து, எட்டு, சிலருக்குப் பத்து. எண்ணைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிடுகிறது. அதையும் தாண்டி, “ஓகே மேம், வியாழக்கிழமை டெக்னிக்கல் ரவுண்ட் போட்டுடறேன்” என்று சொல்லிவிட்டால், வேலைக்கு ஏங்கிக்கொண்டிருந்தவருக்கே வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அன்றைக்குப் பார்த்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்கூடத் தேவலை என்று நினைக்கும் அளவுக்குப் பயம்.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் இந்த அனுபவம் உள்ளவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000-ல். அதை ஒட்டிய வருடங்களில் பொறியியல் கல்லூரிகளிலிருந்து கேம்பஸ் இன்டர்வியூ வழியாகக் கூட்டம் கூட்டமாக ஐ.டி.க்குள் வந்த தலைமுறை இப்போது நாற்பதைச் சுற்றி நிற்கிறது. அதில் கணிசமான பெண்கள் முதல் பிரசவத்தோடு நின்றுவிட்டார்கள். இன்னும் சிலரை நிறுத்தியது விசா. கணவருக்கு ஹெச்-1பி, மனைவிக்கு ஹெச்-4. 2015 மே மாதம் வரை ஹெச்-4 விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் வேலை பார்க்கவே வழியில்லை. அதற்குப் பிறகும் கணவரின் கிரீன் கார்டு வேலை ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அனுமதி. கோயம்புத்தூரில் கோல்டு மெடல் வாங்கியவர் நியூ ஜெர்சியில் ஏழு வருடம் சமைத்துக்கொண்டிருந்த கதைகள் இப்படி உருவானவைதான். ஆண்களும் உண்டு. அப்பாவுக்குப் பக்கவாதம் என்று ஊருக்குப் போனவர்கள், சொந்தத் தொழில் தொடங்கி நொடித்தவர்கள், யு.பி.எஸ்.சி.க்கு நான்கு அட்டெம்ப்ட் கொடுத்துவிட்டுத் திரும்பியவர்கள். பெண்ணின் கேப்புக்கு ஊர் ஒரு காரணத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. ஆணின் கேப்பைச் ‘சும்மா இருந்தது’ என்று எழுதிவிடுகிறது.

இவர்களிடம் பயத்துக்குக் காரணம் கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “எல்லாம் மறந்துபோச்சு.” அது பாதி உண்மைதான். மறதி ஒரு பிரச்னை. இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யோசிப்பது வேறொரு பிரச்னை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்துவிட்டுப் போயும் சுலபமான கேள்வியில் உறைந்துபோகிறார்கள்.

பார்வையின் விலை

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2020-ல் வெளிவந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் 48 பேர். எல்லோருக்கும் புரோகிராமிங் கேள்வி, எழுத ஒரு வைட்போர்டு. ஒரு பாதிப் பேர் வழக்கமான இன்டர்வியூ போல, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். மறுபாதிக்குத் தனி அறை, யாரும் இல்லை. கண் அசைவைப் பதிவுசெய்யும் கருவியைத் தலையில் மாட்டியிருந்தார்கள். ஆள் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மதிப்பெண், தனியாக எழுதியவர்களின் மதிப்பெண்ணில் பாதிகூட இல்லை. பெண்களின் கணக்கு இன்னும் துலக்கம்: பார்வைக்கு முன் எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை, தனியறையில் எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். சிறிய சோதனைதான், இதை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. ஆனால், இவர்கள் யாரும் பத்து வருடம் வீட்டில் இருந்தவர்கள் அல்லர். கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிற, பாடம் சுடச்சுட மூளையில் இருக்கிற பிள்ளைகள். அவர்களுக்கே இந்தக் கதி.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு கணக்கைப் போடும்போது இடைநிலை விவரங்களைப் பிடித்துவைத்துக்கொள்ள மூளையில் கொஞ்சம்தான் இடம் உண்டு. ‘இவன் என்னைப் பற்றி என்ன நினைக்கிறான்’, ‘கையெழுத்து கோணலாகப் போகிறதே’, ‘இது டிகிரி செகண்ட் இயர் கேள்வியாச்சே’ என்கிற நினைப்புகளும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகின்றன. கேள்விக்கு மிஞ்சுவது ஓர் ஓரம். இடைவெளிக்குப் பின் வருபவருக்கு இந்தக் கூட்டத்தில் இன்னோர் ஆளும் சேர்கிறார்: ‘பத்து வருஷம் வீணாப்போச்சா’ என்று கேட்கிறவர். எதிரே இருப்பவர் தம்பி வயதுப் பையன் என்றால் இன்னும் மோசம். இவர் முதல் சம்பளம் வாங்கியபோது அவன் பத்தாம் வகுப்பு.

இருபது வருடம் பைக் ஓட்டியவரை ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போடச் சொன்னால் கால் ஊன்றிவிடுவார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டோம். எட்டுப் போடுவது தனி வித்தை, அதை நான்கு நாள் போட்டுப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். டெக்னிக்கல் இன்டர்வியூவும் இப்படித்தான். வருடக்கணக்கில் ஒரே கம்பெனியில் இருந்துவிட்டு முதல் முறை வெளியே இன்டர்வியூ போகிற சீனியரும் அதில் தடுமாறுகிறார். கேப்பே இல்லாதவர் அவர்.

அதே கேள்வி, கூடுதலாக ஒரு வரி

மறந்துபோன பாதிக்கு வருவோம். 2010 வாக்கில் ஸ்ட்ரட்ஸ், எஸ்.வி.என். என்று வேலை பார்த்துவிட்டு நின்றவர் இன்றைய வேலை விளம்பரத்தைப் படித்தால் தலை சுற்றும். டாக்கர் வந்தது 2013. ரியாக்ட் வந்ததும் அதே வருடம். ஸ்பிரிங் பூட்டின் முதல் பதிப்பு, ஜாவா 8, குபர்நெட்டிஸ் மூன்றுமே 2014. சாட்ஜிபிடி 2022 நவம்பர். பட்டியலாகப் பார்த்தால் ஊரே இடம் மாறிவிட்டது போல இருக்கும்.

இன்டர்வியூவில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தால் பயம் கொஞ்சம் குறையும். ஜாவாக்காரர்களிடம் நம் ஊரில் இன்றைக்கும் கேட்கிற கேள்வி, “ஹேஷ்மேப் உள்ளே எப்படி வேலை செய்கிறது?” 2008-ல் சொன்ன பதில் அப்படியே செல்லும். சாவியிலிருந்து ஒரு ஹேஷ் எண் வருகிறது, அந்த எண் எந்த ‘பக்கெட்’ என்று காட்டுகிறது, இரண்டு சாவிகள் ஒரே பக்கெட்டில் விழுந்தால் அவை சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன, சரியான சாவியை ‘ஈக்வல்ஸ்’ வைத்துக் கண்டுபிடிக்கிறோம். ஜாவா 8-ல் இதோடு சேர்ந்தது ஒன்றே ஒன்று: ஒரு பக்கெட்டில் சங்கிலி எட்டைத் தொட்டு, மேப்பும் போதிய அளவு பெரிதாக இருந்தால், அந்தச் சங்கிலி ரெட்-பிளாக் ட்ரீயாக மாற்றப்படும், தேடல் வேகமாகும். புதிதாகப் படிக்க வேண்டியது இந்த ஒரு வரி. தரவுத்தளத்திலும் இதே கதை. ‘இரண்டாவது அதிகச் சம்பளம் வாங்குபவர் யார்?’ என்ற எஸ்.க்யூ.எல். கேள்விக்கு ஓய்வு வயதே கிடையாது. முன்பு சப்-க்வெரியில் எழுதினோம். மை எஸ்.க்யூ.எல்.லில் 2018-ல் வந்த 8.0 பதிப்பிலிருந்து விண்டோ ஃபங்ஷன் உண்டு, ‘டென்ஸ் ரேங்க்’ போட்டு எழுதினால் கேட்பவர் முகம் மலரும். இரண்டையும் எழுதிக் காட்டி, ஒரே சம்பளம் இருவருக்கு இருந்தால் என்னவாகும் என்று நீங்களாகவே சொல்லிவிட்டால், கேப் பற்றிய பேச்சு அங்கேயே அடங்கும்.

ஒருமுறை கற்று மறந்ததை மீண்டும் கற்க முதல் தடவை ஆன நேரம் ஆகாது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி மனப்பாடம் செய்து இதை அளந்தார். புத்தகம் 1885-ல் வந்தது. சுத்தமாக மறந்துவிட்டது என்று நினைத்தவையும் இரண்டாம் முறை சீக்கிரம் ஏறின. முதல் வாரம் ‘ஒண்ணுமே புரியலையே’ என்று லேப்டாப்பை மூடுகிறவர்கள் இன்னொரு வாரம் பொறுத்தால் தங்களுக்கே தெரியும்.

ஆனால், எப்படிப் படிப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மதியம் வீட்டு வேலை ஓய்ந்ததும் யூடியூபில் ஒரு பிளேலிஸ்ட். சொல்லிக்கொடுப்பவர் சொல்வதெல்லாம் புரிகிறது, தலை தானாக ஆடுகிறது, எழுபது வீடியோ முடிகிறது. மறுநாள் வெள்ளைத் தாளை எடுத்தால் கை ஓடாது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, வாசிப்பைக் குறைத்துக்கொண்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். நான் கேட்டால் ஒரு வீடியோவுக்கு இரண்டு கணக்கு என்றுதான் சொல்வேன். அதுவும் பதிலை ஓரக்கண்ணால் பார்க்காமல்.

வாய்விட்டு

எட்டுப் போடும் பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். சுலபமான கேள்வி, அடிக்கடி கேட்கப்படுவது: ஒரு சொல்லில் ஒரே ஒரு முறை மட்டும் வரும் முதல் எழுத்து எது?

பழகாதவர் கேள்வியைக் கேட்டதும் மௌனமாவார். மனத்துக்குள் மூன்று வழிகள் ஓடும், மூன்றையும் அடித்துவிடுவார், எதிரே இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் உறைந்த முகம் மட்டும். பழகியவரின் வாயிலிருந்து வருவது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

“கேப்பிடல் லெட்டர், ஸ்மால் லெட்டர் ரெண்டையும் ஒண்ணாப் பார்க்கலாமா, வேற வேறயா? சொல்லே காலியா வந்தா என்ன திருப்பித் தரணும்? சரி. முதல்ல தோணுற வழியைச் சொல்றேன், அது மெதுவானதுன்னு தெரியும். ஒவ்வொரு எழுத்தையும் எடுத்து மத்த எல்லாத்தோடவும் ஒப்பிடலாம். ஆயிரம் எழுத்து இருந்தா பத்து லட்சம் ஒப்பீடு. அதுக்குப் பதிலா, ஒரு தடவை முழுசா ஓடி எந்த எழுத்து எத்தனைன்னு ஒரு மேப்ல எண்ணி வெச்சுக்கறேன். மறுபடி முதல்லேருந்து வந்து, எண்ணிக்கை ஒண்ணுன்னு இருக்கிற முதல் எழுத்துல நிக்கிறேன். ரெண்டாயிரம் அடியில முடிஞ்சுது. ‘லெவல்’னு ஆங்கிலத்துல எழுதிப் பார்ப்போம்: எல் ரெண்டு, ஈ ரெண்டு, வீ ஒண்ணு. வீ-ல நிக்குது. எல்லா எழுத்தும் ரெண்டு தடவை வந்தா? எதுலயும் நிக்காது, அதுக்கும் ஒரு பதில் தந்தாகணும்.”

இதில் மேதாவித்தனம் எதுவும் இல்லை. ஆனால், கேட்பவருக்கு இவரோடு ஒரே டீமில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியும் என்று தெரிந்துவிடுகிறது. வழி தப்பினால் குறிப்புக் கொடுக்கவும் அவருக்கு இடம் கிடைக்கிறது. நல்ல இன்டர்வியூவர்கள் குறிப்புக் கொடுக்கவே விரும்புகிறார்கள். மௌனமாக இருப்பவருக்கு எங்கே என்று கொடுப்பது?

இந்தப் பேச்சு தமிழில் சரளமாக வரும், இன்டர்வியூ ஆங்கிலத்தில் நடக்கும். பேசப்படாத பயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். பல வருடம் வீட்டிலும் தெருவிலும் தமிழே பேசிவிட்டு, திடீரென்று ஆங்கிலத்தில் யோசனையைச் சொல்லச் சொன்னால் வாக்கியம் பாதியில் அறுந்துபோகிறது. இலக்கணத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தால் கணக்கு போய்விடும். சின்னச் சின்ன வாக்கியமாக, தினம் அரை மணி நேரம், சத்தமாகப் பேசிப் பழகுவதுதான் வழி. குழந்தையின் வைட்போர்டு போதும். செல்போனில் பதிவுசெய்து ஒரு முறையாவது கேட்க வேண்டும். சொந்தக் குரலைக் கேட்பது கொடுமைதான், பரவாயில்லை.

அடுத்த கட்டம், ஆள். பழைய டீம் நண்பர், கல்லூரித் தோழி, ஐ.டி.யில் இருக்கும் கொழுந்தன் மகன், யாராவது ஒருவர் எதிரே இருக்க வேண்டும். கணவன் மனைவிக்குள் வேண்டாம் என்பது என் கருத்து. பெரும்பாலும் நான்காவது நிமிடத்தில் சண்டை வந்துவிடும். “டீ, எனக்கு ஒரு மணி நேரம் இன்டர்வியூ எடுடி, தயவுதாட்சண்யம் பார்க்காதே” என்று தோழியிடம் கேட்பதற்கே முதலில் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம்தான் உடைய வேண்டிய முதல் விஷயம். ஆள் கிடைக்காதபோது ஏ.ஐ. செயலிகளைக் கேள்வி கேட்கச் சொல்லலாம், விடிய விடிய சலிக்காமல் கேட்கும். ஆனால், அதற்கு முகம் கிடையாது, நமக்குப் பழக வேண்டியது முகம். 2025-ல் சுந்தர் பிச்சையே, கூகுளில் குறைந்தது ஒரு சுற்றையாவது நேரில் நடத்தும் முறைக்குத் திரும்புவதாகச் சொன்னார். ஆன்லைன் சுற்றுகளில் ஏ.ஐ. உதவியோடு விடை சொல்வது பெருகியதன் விளைவு. வைட்போர்டு திரும்பி வருகிறது.

படபடப்பை நேரடியாகக் கையாள ஆய்வுகளில் பேசப்பட்ட இரண்டு சங்கதிகள் உண்டு. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயங்களைத் தாளில் கொட்டிய மாணவர்கள் நன்றாக எழுதினார்கள் என்று ராமிரெஸ், பைலாக் இருவரும் 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் காட்டினார்கள். ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வதைவிட ‘நான் ஆர்வமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் மேடைப் பேச்சிலும் கணக்கிலும் மேம்பட்டார்கள் என்று ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் கண்டார். துடிக்கிற நெஞ்சை நிறுத்த முடியாது, அதற்கு வேறு பெயர் வைக்க முடியும் என்பது அவர் கட்சி. இரண்டும் உதவலாம். வாய்விட்டுப் போட்ட ஐம்பது கணக்குகளுக்கு ஈடாகாது.

இரண்டு வாக்கியம் போதும்

கேப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? காரணம் ஒரு வாக்கியம், இப்போதைய நிலை ஒரு வாக்கியம். “குழந்தை வளர்ப்புக்காக 2016-ல் நின்றேன். அவன் பெரியவனாகிவிட்டான், ஆறு மாதமாக ஸ்பிரிங் பூட்டில் ஒரு புராஜெக்ட் செய்துகொண்டிருக்கிறேன், கோடு கிட்ஹப்பில் இருக்கிறது.” அவ்வளவுதான். “சாரி, ஆக்சுவலா...” என்று தொடங்கினால் கேட்பவருக்கும் சங்கடம். லிங்க்டுஇன் 2022-லேயே ‘கேரியர் பிரேக்’ என்று தனியாக ஒரு பகுதி திறந்துவிட்டது. மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ‘குடும்ப நிர்வாகத்தில் மல்டி-டாஸ்கிங் கற்றேன்’ என்று ரெஸ்யூமேயில் எழுதச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். டெக்னிக்கல் ரவுண்டில் அதற்குப் பைசா மதிப்புக் கிடையாது. அந்த இடத்தில் ஒரு புராஜெக்ட்டை எழுதுங்கள்.

இன்னொரு குறுக்குவழி நிஜமாகவே ஆபத்து. கேப்பை நிரப்ப எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ‘அரேஞ்ச்’ செய்து தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் கன்சல்டன்சிகள் இந்தப் பயத்தை முகர்ந்துகொண்டே வருகின்றன. 2014-லிருந்து பி.எஃப். கணக்குகள் யு.ஏ.என். என்ற ஒரே எண்ணின் கீழ் வந்துவிட்டன. எந்தக் கம்பெனி எந்த மாதம்வரை பணம் கட்டியது என்பது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் இரண்டு நிமிட வேலை. வேலையில் சேர்ந்த பிறகு பிடிபட்டால் பழைய நேர்மையான அனுபவமும் சேர்ந்து போகும்.

எல்லாவற்றையும் பயந்தவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. இந்த இன்டர்வியூ முறையே எத்தனை தூரம் சரி என்ற சண்டை அந்தத் துறைக்குள்ளேயே நடக்கிறது. உலகம் முழுக்க மேக் கணினிகளில் புரோகிராமர்கள் பயன்படுத்தும் ‘ஹோம்ப்ரூ’வை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், வைட்போர்டில் பைனரி ட்ரீயைத் தலைகீழாக்கத் தெரியாததால் கூகுள் தன்னை நிராகரித்தது என்று 2015-ல் ட்விட்டரில் பொருமினார். விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்கிற ரகப் புதிர்க் கேள்விகளால் யாரையும் கணிக்க முடியவில்லை என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-ல் ஒப்புக்கொண்டார். நம் நாட்டில் 2017-ல் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. விடுப்பு முடிந்து, காப்பகம் சரியில்லாமல் நின்றுபோனவரின் கணக்கை மட்டும் யாரும் திறப்பதில்லை.

திரும்பி வருகிறவர்களுக்கென்றே வாசல்கள் இருப்பது ஓர் ஆறுதல். இந்தியாவில் டாடா குழுமம் 2008-ல் தொடங்கிய ‘செகண்ட் கேரியர்’ திட்டம் முன்னோடி. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ எல்லாமே பெண்களுக்காகத் தனித் திட்டம் அறிவித்திருக்கின்றன. அதில் சேர்வதற்கு முன் கேட்டே ஆக வேண்டியது: இது நேரடி வேலையா, சில மாத ஒப்பந்தமா, முடிவில் நிரந்தரம் ஆவது எதைப் பொறுத்தது? இதைக் கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. போகிற வாய்ப்பு என்றால் அது எப்படியும் போகும்.

அட்டவணை போடும்போது மிகவும் ஆசைப்பட்ட கம்பெனியை முதலில் வைக்காதீர்கள். முதல் இரண்டு இன்டர்வியூக்கள் எப்படியும் சொதப்பும். சொதப்பினால் வலிக்காத இடத்தில் சொதப்பலாம். அன்று இரவே கேட்ட கேள்விகளை நோட்டில் எழுதிவையுங்கள், அதே கேள்விகள் வேறு கம்பெனியில் வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, ‘எனக்குத் தெரிந்தவரை இப்படி யோசிப்பேன்’ என்று தொடருங்கள். எதிரே இருக்கும் பையனைச் ‘சார்’ என்று கூப்பிட வேண்டாம், பெயர் சொல்லியே கூப்பிடலாம், அங்கே எல்லோரும் அப்படித்தான்.

எல்லாச் சுற்றும் தாண்டிய பிறகு, “எக்ஸ்பெக்டேஷன் எவ்ளோ மேம்?” என்பார்கள். பயம் கடைசியாக எட்டிப் பார்க்கும் இடம் அது. “நீங்க எவ்ளோ குடுத்தாலும் ஓகே” என்று வாயில் வந்து நிற்கும். எட்டு வருடம் முந்தைய சம்பளத்தைச் சொல்லி அதற்கு மேல் கொஞ்சம் கேட்பதும் அதே பயம்தான். “இந்த ரோலுக்கு உங்க கம்பெனில பட்ஜெட் எவ்ளோன்னு சொல்லுங்க, அதை வெச்சுப் பேசலாம்” என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை பேசாமல் இருங்கள். இத்தனை நாள் வாய்விட்டுப் பேசிப் பழகியவர் வாயை மூடிக்கொள்ள வேண்டிய ஒரே சந்தர்ப்பம் இதுதான்.